நீலத்தில் நிற்கும் கை

வெஸ்டர்ஸ்டேடே,
3 மார்ச் 1996

அன்புள்ள ஹாயோ,

இன்று காலை எழுந்ததும் காபிகூடப் போடவில்லை. முதல் வேலையாக வில்லைக் கொக்கியிலிருந்து எடுத்தேன். நாண் ஏற்றி, நடைவழியில் போய் நின்று, கோட்டு அலமாரியின் பித்தளைக் குமிழைக் குறியாக வைத்து அம்பில்லாமல் இழுத்தேன். வில்லில் பொருத்திய குறிவளையம் குமிழுக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றுவிட்டது. மேலே போ என்று கைக்குச் சொன்னேன். கை கேட்டுக்கொண்டது, போகவில்லை. நாணை மெதுவாகத் திரும்ப விட்டுவிட்டு இரவு உடையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

மைதானத்திலும் இதே கதைதான். இலக்குத் தாளில் வெள்ளையைத் தாண்டி, கறுப்பைத் தாண்டி, நீலம் வரைக்கும் குறி சுகமாக ஏறுகிறது. அங்கே நின்றுவிடுகிறது. சிவப்புக்கும், அதற்குள் இருக்கும் தங்கத்துக்கும் என் கை வர மாட்டேன் என்கிறது. வலுக்கட்டாயமாகத் தள்ளினால், நான் சொல்லாமலே விரல் நாணை விட்டுவிடுகிறது. நீ பொருத்திக் கொடுத்த அந்தச் சின்ன எஃகுத் தகடு, அம்பு முழுதாகப் பின்னால் வந்ததும் டிக் என்று சொல்லுமே, அந்தச் சத்தத்தை நான் சரியாகக் கேட்டு இரண்டு மாதம் ஆகிறது.

இதற்கு என்ன பெயர் என்று உனக்கும் தெரியும். கிளப்பில் யாரும் அதை வாயால் சொல்வதில்லை, சொன்னால் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். நம் கிளப்பின் தியேடேவுக்கு இது வந்த வருடம் அவன் நிற்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே வாரத்தில் காலியானது நினைவிருக்கிறதா? அவன் வில்லை விட்டுவிட்டு இப்போது மீனுக்குத் தூண்டில் போடுகிறான்.

இந்த வருடம் மூன்று தேர்வுகள். மூன்றிலும் சேர்த்து முதல் மூன்று இடத்தில் வரும் பெண்கள் உலகப் போட்டிக்குப் போவார்கள். நான் இரண்டு முறை நான்காவதாக வந்தவள். எனக்கு நாற்பத்து நான்கு வயது. இன்னொரு வாய்ப்பு உண்டென்றால் அது இதுதான்.

நீ அனுப்பிய புது நாண் வந்து சேர்ந்தது. நீ வீட்டை விட்டுப் போன பிறகும் நாண் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. வேலைக்காகப் போயிருக்கிறாய் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். கிளப் தலைவர் கெரோல்ட் நம்பிவிட்டார். அவர் மனைவி நம்பவில்லை.

வீப்கே


ஹெல்கோலாண்ட்,
11 மார்ச்

வீப்கே,

கப்பல் வராமல் தீவே பட்டினி. உன் கடிதம் அக்கரையில் ஒரு மூட்டைக்குள் கிடந்து அலுத்துப்போய் இன்றுதான் வந்தது. அதே கப்பலில் ரொட்டிக்கடைக்கு மாவும் வந்தது. வரவேற்பு மாவுக்குத்தான், தபாலுக்கு இல்லை.

தங்கக் காய்ச்சல். பார், எழுதியே விட்டேன். இங்கே வில் வைத்திருப்பவர் யாரும் கிடையாது. ஒட்டுவதானால் மணலில் படுத்திருக்கும் கடல்நாய்களுக்குத்தான் ஒட்ட வேண்டும்.

நான் வில்லாளி இல்லை. நான் விட்ட ஒரே அம்பு கெரோல்டின் பியர்க் கூடாரத்தைத் துளைத்தது ஊரறிந்த விஷயம். ஆனால் இங்கே நான் வேலை பார்க்கும் மின்நிலையத்தில் ஒரு வால்வு இருக்கிறது. பாதியில் சிக்கிக்கொண்டு திறக்கவும் மாட்டேன், மூடவும் மாட்டேன் என்று நிற்கும். அதோடு மல்லுக்கட்டினால் உடையும். அது நிற்கிற இடமே சரியான இடமாகும்படி மற்றதையெல்லாம் திருகி வைப்பேன். உன் கை நீலத்தில் நிற்கிறதா? நிற்கட்டும். குறிவளையத்தைக் கீழே இறக்கு, அம்பு மேலே போகும். நீலத்தைப் பார்த்து அம்பை விட்டால் தங்கத்தில் தைக்கும் அளவுக்கு இறக்கு. கை ஏமாந்தால் உனக்கென்ன நஷ்டம்?

அக்டோபரில் கிளம்பும்போது நான் பேசியது கொஞ்சம் அதிகம். இந்த வீட்டில் வில்லுக்கு ஒரு கொக்கி இருக்கிறது, எனக்கு அதுகூட இல்லை என்றேன். யோசித்துப் பார்த்தேன். எனக்கும் ஒன்று இருந்தது, கதவுக்குப் பின்னால். கோட்டு மாட்ட.

ஹாயோ


வெஸ்டர்ஸ்டேடே,
22 ஏப்ரல்

அன்புள்ள ஹாயோ,

உன் வால்வு வைத்தியம் பலித்துவிட்டது.

மூன்று வாரம் தனியாகப் பழகினேன். நேற்று முதல் தேர்வு. குறி நீலத்தில் போய் நின்றது, தகடு டிக் என்றது, அம்பு போனது. தொலைநோக்கியில் பார்த்தால் தங்கம். மறுபடி நீலம், மறுபடி தங்கம். மாலையில் இரண்டாவது இடத்தில் இருந்தேன். கெரோல்ட் என்னைக் கட்டிப்பிடித்து, கோர்ன் சாராயத்தை ஊற்றி, எனக்கும் சேர்த்து அவரே குடித்தார். தொடங்கும் முன் வழக்கம்போல எல்லோரும் ஒருவருக்கொருவர் "எல்லாம் தங்கத்துல" என்று வாழ்த்திக்கொண்டோம். நானும் சொன்னேன். சொல்லும்போது எதையோ திருடிக்கொண்டு கடையை விட்டு வெளியே வருகிறவளைப் போல இருந்தது. விதி எதையும் மீறவில்லை, தெரியும். குறிவளையத்தை எங்கே வைப்பது என்பது அவரவர் விருப்பம். இருந்தாலும், எல்லோரும் தங்கத்தைப் பார்க்கும்போது நான் மட்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சுற்றி இத்தனை பேர் இருந்தும் அப்படித் தனியாக நின்றதில்லை.

இம்கேயும் நானும் ஒரே இலக்கில். நம் கிளப்பின் இம்கேதான், சனிக்கிழமைகளில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெண். அவள் இப்போது நான்காவது. என் அம்புகளின் புள்ளியை அவள் எழுதினாள், அவளுடையதை நான். பாதியில் என் வில்லைப் பார்த்துவிட்டு, "உங்க குறி ஏன் இவ்வளவு கீழ இருக்கு?" என்றாள். புது அம்பு, கனம் கூடுதல் என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

எழுதிக்கொண்டே வரும்போது ஒன்று உறைத்தது. நீ போனதிலிருந்து உன்னைப் பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. உன் அறையில் சன்னல் இருக்கிறதா? அதில் என்ன தெரிகிறது?

வீப்கே


ஹெல்கோலாண்ட்,
30 ஏப்ரல்

வீப்கே,

சாப்பாட்டு மேசையில் உன் கடிதத்தைப் படித்தேன். கடைசிப் பத்திக்கு வந்தபோது உருளைக்கிழங்கு சூப்பு ஆறிப்போய் மேலே ஏடு படிந்துவிட்டது. அதனாலென்ன, பரவாயில்லை.

சன்னல் இருக்கிறது. வலது ஓரத்தில் துறைமுகச் சுவர். நடுவில், எனக்கு அறை வாடகைக்கு விட்டிருக்கும் ஃபிராவ் க்ரூஸின் துணிக்கொடி. காற்று எந்தப் பக்கம் என்று அவளுடைய தலையணை உறைகளைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். அதற்குப் பின்னால் கடல். மிச்சமெல்லாம் கடல். சாயங்காலம் அவள் நண்டுக் கால்களை வேகவைத்து ஒரு சுத்தியலோடு கொண்டுவந்து வைப்பாள். முதல் நாள் நான் அடித்ததில் ஓட்டுத் துண்டு பறந்து அவள் கண்ணாடியில் பட்டது. "வில்லுக்காரி புருஷன்னு சொன்னாங்க, இதுதான் லட்சணமா?" என்று கேட்டாள். உன்னைப் பற்றி நான் அவளிடம் நிறையப் பேசுகிறேன் போலிருக்கிறது.

முதல் தேர்வுக்கு வாழ்த்து. இரண்டாம் இடம்! துணிக்கொடிக்கு எதிரில் நின்று தனியாக ஒரு பியர் குடித்தேன்.

ஹாயோ


வெஸ்டர்ஸ்டேடே,
20 மே

ஹாயோ,

கை கண்டுபிடித்துவிட்டது.

வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. போன வாரம் வரை நீலம் வெறும் நீலமாக இருந்தது. நீலத்தில் நின்றால் தங்கம் கிடைக்கிறது என்பது மெல்ல மெல்ல அதற்குப் புரிந்துவிட்டது. இப்போது நீலத்தைக் கண்டால் பயப்படுகிறது. நேற்று இரண்டாம் தேர்வில் குறி கறுப்பில் நின்றது. இடைவேளையில் வளையத்தை இன்னும் கீழே இறக்கினேன். மதியத்துக்குள் வெள்ளையில் வந்து நின்றது. இன்னும் இறக்கினால் புல்லைப் பார்த்துத்தான் விட வேண்டும். கடைசியில் அதுவும் நடந்தது. ஓர் அம்பு நான் இழுத்து முடிக்கும் முன்பே கிளம்பி, இலக்குக்கு முன்னால் புல்லில் சொருகி நின்றது. எழுபது மீட்டர் தூரமும் எல்லோர் கண் முன்னால் நடந்துபோய் அதைப் பிடுங்கினேன்.

நல்ல வேளையாக முதல் தேர்விலும் நேற்றுக் காலையிலும் எடுத்த புள்ளிகள் இருந்தன. மொத்தத்தில் மூன்றாவது. எனக்கு இரண்டே புள்ளி பின்னால் இம்கே.

வண்டி நிறுத்துமிடத்தில் அவள் என்னிடம் வந்தாள். "எத்தனை நாளா?" என்றாள். ஜனவரியிலிருந்து என்றேன். "தங்கக் காய்ச்சல்தானே?" என்று சத்தமாகவே கேட்டாள். அந்தப் பக்கம் வில்லைக் கழற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவள் நகரவில்லை. கெரோல்ட் அவளைக் கூப்பிட்டு, ஜூன் வரைக்கும் நான் வராத நாளில் வந்து பழகச் சொன்னாராம். "நான் மாட்டேன்னுட்டேன். ஒட்டிக்கிறதுன்னா உங்க கூட இத்தனை வருஷம் நின்னதுல உங்க திறமைதானே முதல்ல ஒட்டியிருக்கணும்? அதுவே ஒட்டல" என்றாள். சிரித்தேன். பிறகு காருக்குள் போய் அழுதேன்.

அவளுக்கு இருபத்து மூன்று வயது. எனக்கு நடப்பது எல்லாமே அவளுக்கு லாபம். அதை நினைத்தால் எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. அது ஏன் என்றும் தெரியவில்லை.

வீப்கே


ஹெல்கோலாண்ட்,
26 மே

வீப்கே,

வால்வுக்குப் புத்தி கிடையாது, அதை மறந்து எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள்.

இதை எழுதலாமா என்று இரண்டு முறை காகிதத்தைக் கசக்கிப்போட்டேன். நம் வீட்டில் இருந்த கடைசி வருடம், நீ பழகப் போகும் ஞாயிறுகளில், உனக்கு ஒரு நாளாவது அம்பு சரியாகப் போகாமல் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட மாட்டாயா என்று நினைப்பேன். இப்போது போகவில்லை என்று எழுதுகிறாய். எனக்குக் கொஞ்சமும் சந்தோஷமாக இல்லை. அந்த அம்பு புல்லில் நின்றதைப் படித்ததிலிருந்து, நீ அந்த எழுபது மீட்டரும் நடந்துபோவது மட்டும்தான் கண்ணுக்குள் இருக்கிறது. கூட நடந்து வந்திருப்பேன்.

உன்னை நான் ஒருபோதும் கேட்காத கேள்வி ஒன்று என்னிடமும் இருக்கிறது. இதில் உனக்கு என்ன பிடிக்கும்? பரிசு, கோப்பை, அதெல்லாம் இல்லை. உள்ளுக்குள் என்ன பிடிக்கும்?

ஹாயோ


வெஸ்டர்ஸ்டேடே,
4 ஜூன்

அன்புள்ள ஹாயோ,

நீ கேட்டதற்குப் பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது. எனக்கே தெரியவில்லை என்பதுதான் காரணம்.

தங்கம் பிடிக்கும் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இல்லை. தகடு டிக் என்று சொன்ன பிறகு, விரல் நாணை விடுவதற்கு முன்னால், ஒரு சின்ன இடம் இருக்கிறது. அங்கே நான் யாருடைய மனைவியும் இல்லை, மருந்துக்கடைக்காரி இல்லை, நான்காவதாக வந்தவளும் இல்லை. முதுகு மட்டும் அகன்றுகொண்டே போகும். அவ்வளவுதான் எனக்குப் பிடிக்கும். அம்பு எங்கே போய்த் தைத்தது என்பது அதற்குப் பிறகு வரும் செய்தி.

இப்போது தாள் ஒட்டாத வெறும் வைக்கோல் கட்டுக்கு முன்னால், மூன்று மீட்டரில் நின்று அம்பு விடுகிறேன். அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. வைக்கோல் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. தாளை ஒட்டினால் போயிற்று.

கெரோல்ட் நேற்றுக் கடைக்கு வந்தார். இருமல் மருந்து வாங்குகிற மாதிரி சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "கை நடுக்கத்துக்கு எதாவது மாத்திரை இருக்குமே வீப்கே, படபடப்பைக் குறைக்கிற மாதிரி?" என்று குனிந்து கேட்டார். இருக்கிறது. என் முதுகுக்குப் பின்னால் மூன்றாவது தட்டில்தான் இருக்கிறது, தினமும் கிழவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறேன். வில்லாளிகளுக்குத் தடை செய்யப்பட்டது என்று அவருக்குத் தெரியாது. அவர் நல்லதுக்குத்தான் கேட்டார். இருமல் மிட்டாய் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பினேன். அவர் போன பிறகு அந்தத் தட்டைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றேன், அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. பிறகு கடையைப் பூட்டினேன்.

குறிவளையத்தைப் பழைய இடத்துக்கே ஏற்றிவிட்டேன். பதினாறாம் தேதி கடைசித் தேர்வு. போனால் தங்கத்தைப் பார்த்துத்தான் போவேன்.

நீ கூட நடந்து வந்திருப்பாய் என்று எழுதியதை மடித்து அம்புக்கூட்டின் பையில் வைத்திருக்கிறேன்.

வீப்கே


ஹெல்கோலாண்ட்,
11 ஜூன்

வீப்கே,

இது அஞ்சலட்டைதான், இன்றைய கப்பலைப் பிடிக்க வேண்டும். இயந்திரம் ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறோம், பதினாறாம் தேதி என்னால் வர முடியாது. ஜூலை முதல் இரண்டு வாரம் விடுப்பு. எங்கே போவது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

"எல்லாம் தங்கத்துல" என்று நான் சொல்ல மாட்டேன். நம் ஊர் வணக்கமான மொயின் மட்டும் சொல்கிறேன். காலையோ மாலையோ, ஜெயித்தாலோ தோற்றாலோ, அது பொருந்தும்.

ஹா.


வெஸ்டர்ஸ்டேடே,
17 ஜூன்

அன்புள்ள ஹாயோ,

நான்காவது.

முதலில் அதை எழுதிவிட்டால் மிச்சத்தை நிதானமாக எழுதலாம்.

காலை முழுவதும் ஒவ்வோர் அம்புக்கும் மூன்று நான்கு முறை இழுத்து இழுத்து விட்டேன். தோள் எரிந்தது. சில அம்புகள் சிவப்பில் நின்றன. சில, விரல் தானாக விட்டதில், கறுப்பிலும் வெள்ளையிலும் போய்த் தைத்தன. ஆனாலும் கடைசிச் சுற்று வரும்போது எனக்கும் இம்கேக்கும் மொத்தப் புள்ளி ஒன்றாகவே இருந்தது. ஆறு அம்பு, நான்கு நிமிடம். ஐந்தை விட்டுவிட்டேன். ஆறாவதை இழுத்தேன். வெள்ளை, கறுப்பு, நீலம். ஹாயோ, சிவப்புக்குள் ஏறியது. ஜனவரிக்குப் பிறகு முதல் முறையாக, தள்ளாமல், தானாக. தங்கத்தின் விளிம்பு வளையத்துக்குள் தெரிந்தது. அங்கே நின்றது. நானும் நின்றேன். கையை அதட்ட எனக்கு மனம் வரவில்லை. ஊதல் ஒலித்தது, நேரம் முடிந்தது. அம்பு நாணிலேயே இருந்தது.

இலக்குக்கு நடந்துபோகும்போது இம்கே என் பக்கத்திலேயே வந்தாள். என் அம்புகளை எண்ணி எழுதினாள். கடைசிக் கட்டத்தில் பூஜ்யம் போட வேண்டிய இடத்தில் பென்சில் நின்றுவிட்டது.

"எழுது" என்றேன்.

"நீங்க விடாததால நான் மூணாவது."

"இல்ல. நீ விட்டதால நீ மூணாவது. எழுது, பின்னால ஆளுங்க காத்திருக்காங்க."

எழுதினாள். தாளில் ஒரு சொட்டு விழுந்தது. நான் கையெழுத்துப் போட்டேன்.

கெரோல்ட் ஓடி வந்தார். நான்காவது ஆளையும் அழைத்துப் போவார்களாம், மாற்றாக. "ட்ராக்சூட் தருவாங்க, விமானத்துல சன்னல் பக்கம் சீட்டு. யாருக்காவது வயித்தால போச்சுன்னா நீதான்!" என்றார். அவர் குரலில் அவ்வளவு ஆசை. இம்கே சாப்பிடுவதைக் கவனித்துக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்திருப்பது போல எனக்குக் கண்ணில் தெரிந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இன்று கடைக்கு விடுமுறை சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போனேன். யாரும் இல்லை. என் வில் காரிலேயே இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. புதியவர்களுக்கான கொட்டகையைத் திறந்து சும்மா உள்ளே நின்றேன். சுவரில் வரிசையாக மரவில்கள். ஓரத்தில் இடக்கைக்காரர்களுக்கான ஒன்று, தூசியோடு. எடுத்துப் பார்த்தேன். குழந்தை விளையாட்டு போல லேசு. நாண் ஏற்றினேன்.

எல்லாம் தலைகீழ். வில்லை வலது கையில் பிடிக்க வேண்டும், இடது கையால் இழுக்க வேண்டும். பாதம் எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. பத்து மீட்டரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கையை உயர்த்தினேன். ஹாயோ, இந்தக் கை நேராகத் தங்கத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. அது தங்கம் என்று இதற்குத் தெரியாது. யாரும் இதை நான்காவது என்று சொன்னதில்லை. அங்கேயே இருந்தது. விரும்பும் வரை வைத்திருந்தேன். முதுகு அகன்றது. தகடு இல்லை, சத்தம் இல்லை, ஆனால் அந்த இடம் இருந்தது. பிறகு விட்டேன். அம்பு இலக்கையே தொடாமல் பின்னால் மண்மேட்டில் போய்ச் சொருகியது. அடுத்தது வெள்ளையின் ஓரம். அடுத்தது மறுபடி மண்மேடு. நாண் முன்கையில் அடித்து நீளமாக ஒரு நீலக்கோடு கன்றிப்போயிருக்கிறது, பதினாறு வயதில் வந்த அதே மாதிரி. உரக்கச் சிரித்தேன். மதியச் சாப்பாட்டையே மறந்துபோனேன்.

விடுப்புக்கு எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை என்றாய். நான் சொல்கிறேன், வீட்டுக்கு வா. சனிக்கிழமை காலைகளில் மட்டும் இருக்க மாட்டேன். பன்னிரண்டு மணிக்குத் திரும்பிவிடுவேன், பசியோடு.

ஏன் சனிக்கிழமை என்றால், வெள்ளிக்கிழமை கெரோல்டிடம் மாட்டேன் என்று சொல்லப்போகிறேன். ட்ராக்சூட் வேண்டாம், சன்னல் சீட்டு வேண்டாம். மறுநாள் பத்து மணிக்கு இம்கேயின் வகுப்பில், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கும் முன்பல் விழுந்த இரண்டு சிறுமிகளுக்கும் நடுவில் நின்று, இடக்கையால் முதலிலிருந்து தொடங்கப்போகிறேன். பழையபடி எழுபது மீட்டருக்கு வர எத்தனை வருடம் ஆகுமோ, வருவேனோ மாட்டேனோ. கெரோல்டுக்குத் தெரியாது. இம்கேக்குத் தெரியாது. கப்பல் நாளைக்குத்தான், அதுவரை உனக்கும் தெரியாது.

வீப்கே